ஒரு சாவிக்குத் திறக்கும் ஆயிரம் கதவுகள்

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளோடு புழங்கும் யாரிடமும் ‘சி.எச். 751’ என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. சின்னத் தட்டைச் சாவி ஒன்றின் தலையில் பொறித்திருக்கும் எண் அது. வண்டியின் பக்கவாட்டில், தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் சாமான் அறைகளை அந்தச் சாவி திறக்கும். சொந்த வண்டியின் அறைகளைத் திறப்பதுபோலவே பக்கத்தில் நிற்கும் வண்டியின் அறைகளையும் திறக்கும். வேறு கம்பெனி வேறு ஆண்டில் செய்து வேறு மாநிலத்தில் விற்ற வண்டியையும் பல நேரம் திறந்துவிடும். வண்டி செய்வோர் பலரும் பல்லாண்டுகளாக அந்த ஓர் எண்ணுக்குரிய பூட்டையே வாங்கிப் பொருத்திவந்திருக்கிறார்கள். சாவி ஹார்ட்வேர் கடையிலும் இணையத்திலும் சில டாலருக்குக் கிடைக்கிறது. வாங்குபவர் யார், எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. வீட்டு வண்டியின் பூட்டு திருடனைத் தாங்குமா என்று கேட்டாலே பேச்சு மெல்லிய தகரத்துக்கும் உடைகிற கண்ணாடிக்கும் போய்விடுகிறது. என் பார்வையில் அவை இரண்டாம் பட்சம். இந்தப் பூட்டுகளின் தலையாய குறை, அவற்றின் சாவி உரிமையாளருக்கு மட்டுமே சொந்தமாக இல்லாததுதான். அந்தக் குறை உலோகத்தின் இயல்பால் வரவில்லை. தொழிற்சாலையில் தெரிந்தே எடுத்த ஒரு முடிவால் வந்தது. எடுத்தவர்களால் அதை மாற்றவும் முடியும்.

வசதியுள்ளவர்களின் விடுமுறைச் சாமானைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று தள்ளிவிட முடியாது. காரோ பிக்கப்போ இழுத்துச் செல்லும் டிரெய்லர், பிக்கப்பின் முதுகில் கொக்கி மாட்டி ஏறும் ‘ஃபிஃப்த் வீல்’, தானே ஓடும் மோட்டார் ஹோம் என்று இவற்றில் பல வகை. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் படுக்கையும் அடுப்பும் ஃப்ரிட்ஜும் உண்டு, பெரும்பாலானவற்றில் கழிப்பறையும் உண்டு. 2021இல் மட்டும் 6 லட்சத்துக்குச் சற்று அதிகமான வண்டிகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இவற்றிலேயே ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் என்ற சிற்றூரைச் சுற்றிய பாலைவெளி ஒரு பெரிய வண்டி நகரமாகவே மாறிவிடுகிறது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் வீட்டைக் காப்பாற்ற முடியாமல் வண்டியில் குடியேறி, கிடங்கு வேலை, முகாம் வேலை, பீட் அறுவடை என்று பருவத்துக்கொரு ஊராகப் போகும் முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ புத்தகத்தின் திரைவடிவம் 2021இல் ஆஸ்கர் விருது வாங்கியது. அப்படிப்பட்ட ஒருவருக்கு வண்டிக் கதவுதான் வீட்டு வாசல். மாத்திரைகள், வங்கிக் காகிதங்கள், பாஸ்போர்ட், மிச்சமிருக்கும் நகை எல்லாம் அந்த ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. வேலைக்குப் போகும் பத்து மணி நேரமும் அந்தக் கதவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

சாமான் அறை பரவாயில்லை, உள்ளே நுழையும் கதவு உறுதியானதுதானே என்று கேட்கலாம். ஓரளவுதான். நுழைவாயில் கதவில் வழக்கமாக இரண்டு பூட்டுகள் இருக்கும்: கைப்பிடியோடு சேர்ந்த ஒன்று, அதற்கு மேலோ கீழோ டெட்போல்ட் ஒன்று. இரண்டும் பெரும்பாலும் ‘வேஃபர்’ என்னும் வில்லை வகையைச் சேர்ந்தவை. சாவி நுழையும் உருளைக்குள் சில மெல்லிய உலோக வில்லைகள் சுருள்வில்லின் தள்ளலால் வெளியே நீண்டு, உருளையைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும். சரியான சாவியின் மேடுபள்ளம் அவற்றை உள்ளே இழுத்ததும் உருளை சுழலும். லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற, நம் வீட்டுக் கதவுகளில் காணும் பின் பூட்டோடு ஒப்பிட்டால் வில்லைப் பூட்டு மலிவானது, நுட்பம் குறைந்தது, செய்முறையிலேயே நெகிழ்வுக்கு அதிக இடம் விடுவது. உண்மையான சாவிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை ஆட்டி அசைத்தே திறக்க முடிகிற சந்தர்ப்பங்கள் இதில் கூடுதல். மேசை இழுப்பறைக்கும் கடிதப் பெட்டிக்கும் அது போதும். இன்னொரு பலவீனம் இதைவிடப் பெரிது. வண்டிகளுக்குக் கதவுப் பூட்டு செய்து தரும் கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை எத்தனை வகைச் சாவி வெட்டுகளைச் சுழற்சியில் வைத்திருக்கின்றனவோ, அத்தனைதான் நாடு முழுவதும் உள்ள கதவுகளுக்குள்ள வேறுபாடு.

அந்த எண்ணிக்கை எவ்வளவு இருந்தால் போதும்? ஒரு கம்பெனி நூறு வகைச் சாவிகளை வைத்திருப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நூறு நிறையவே தோன்றும். ஆனால் அந்தக் கம்பெனிப் பூட்டுள்ள 13 வண்டிகள் ஒரே முகாமில் நின்றாலே, அவற்றில் ஏதேனும் இரண்டுக்கு ஒரே சாவி பொருந்துவதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. 200 வண்டிகள் நின்றால் எந்த ஒரு சாவியும் சராசரியாக இரண்டு கதவுகளைத் திறக்கும். நூறு சாவிகளையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு முகாமில் பூட்டிய கதவு என்று ஒன்றுமே இல்லை. நூறு சாவிகள் ஒரு சின்னப் பைக்குள் அடங்கும். போதாததற்கு, பல டிரெய்லர்களில் சாமான் அறை வண்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை ஊடுருவிப் போகிறது. அதன் கூரைதான் உள்ளே இருக்கும் கட்டிலின் தூக்கிவிடும் பலகை. ஒல்லியான ஒருவர் பொதுச்சாவியால் கீழறையைத் திறந்து, படுக்கையைத் தூக்கிக்கொண்டு நேராகப் படுக்கையறைக்குள் எழுந்துவிடலாம். நுழைவாயிலில் எவ்வளவு நல்ல டெட்போல்ட் போட்டிருந்தாலும் அப்போது பயன் இல்லை.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. அமெரிக்க வீட்டு வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகின்றன. தோர், பெர்க்ஷயர் ஹாத்தவே 2005இல் வாங்கிய ஃபாரஸ்ட் ரிவர், வின்னபேகோ ஆகிய மூன்று பெரும் குழுமங்களின் கையில்தான் சந்தையின் மிகப் பெரிய பங்கு. அங்கே வேலை வேகத்தில் ஓடுகிறது. கதவுகள் வெளியிலிருந்து வந்து குவிகின்றன. எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், தவறு நேர்ந்தால் திருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால் அந்தத் தொல்லை கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வண்டியை ஓட்டிப் போகும் டிரைவர், நூற்றுக்கணக்கான வண்டிகளைத் திடலில் நிறுத்தி வைத்திருக்கும் டீலர், பழுது பார்க்கும் மெக்கானிக், எல்லாருக்கும் அது வசதி. தொடக்கத்தில் சாமான் அறையில் இருந்தவையும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் போன்றவைதான். ஓடும்போது கதவு திறந்துகொள்ளாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். இன்று அதே அறையில் ஜெனரேட்டர், லித்தியம் பேட்டரி, மின்சைக்கிள், கருவிப்பெட்டி என்று ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள பொருள்கள் இருக்கின்றன. அறைக்குள் இருப்பது மாறியபோது பூட்டும் மாறியிருக்க வேண்டும். பல வண்டிகளில் அது மாறவில்லை.

மாறச் சொல்ல ஒரு சட்டமும் இல்லாததே இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வீட்டு வண்டி வீடா, வண்டியா என்பதில் அமெரிக்கச் சட்டம் தனக்கு வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. 1985இல் ‘கலிஃபோர்னியா எதிர் கார்னி’ வழக்கில், சான் டியேகோ நகரில் நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் ஹோமை வாரன்ட் இல்லாமல் போலீஸ் சோதனையிட்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓடக்கூடியது என்பதால் அது வண்டி, வீட்டுக்குள்ள முழுப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். சரி, வண்டி என்றே வைத்துக்கொண்டால் வாகன விதிகள் கதவைக் காக்க வேண்டும். அவையோ விபத்தில் கதவு திறந்து உள்ளிருப்பவர் வெளியே வீசப்படக் கூடாது என்ற கவலையில்தான் கதவுப் பூட்டைப் பற்றிப் பேசுகின்றன. வெளியிலிருந்து வருபவரை நினைத்து எழுதியவை அல்ல. வீட்டு வண்டிகளுக்கென்றே உள்ள என்.எஃப்.பி.ஏ. 1192 என்ற தரவரைவு தீ, எரிவாயு, குழாய்கள், அவசரத்தில் தப்பிக்கும் ஜன்னல் ஆகியவற்றை விரிவாகச் சொல்கிறது. திருட்டுத் தடுப்பு அதன் நோக்கமே அல்ல. வீட்டுப் பூட்டுகளை முதல் தரம், இரண்டாம் தரம் என்று சோதித்து முத்திரையிடும் முறை அமெரிக்காவில் உண்டு. அந்த முத்திரையும் இந்தக் கதவுகளை எட்டிப் பார்ப்பதில்லை.

இனி, இதற்கெல்லாம் சொல்லப்படும் வலுவான மறுப்புக்கு வருகிறேன். வண்டியின் சுவர் மெல்லிய அலுமினியமோ ஃபைபர் கிளாஸோதான்; கதவு, நுரைப் பலகையைச் சுற்றிய ஒரு சட்டம்; கடப்பாரை இருந்தால் அரை நிமிடம்கூட ஆகாது, கல் இருந்தால் ஜன்னல் போச்சு; அப்படியிருக்கப் பூட்டை மட்டும் உயர்த்தி என்ன பயன்? இந்தக் கேள்வியில் உள்ள உண்மைகள் அத்தனையையும் ஏற்கிறேன். முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. எந்தப் பூட்டும் கடப்பாரையை வெல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. திருடனைச் சத்தம் போட வைப்பது, நேரம் எடுக்க வைப்பது, தடயம் விட்டுப்போக வைப்பது ஆகிய மூன்றும்தான் அதன் வேலை. நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் அண்டை அயலார் நிறைந்த முகாமில் கண்ணாடி உடையும் சத்தம் திருடனுக்குப் பெரிய ஆபத்து. பொதுச்சாவியோடு வருபவர் அந்த மூன்றிலிருந்தும் ஒரேயடியாகத் தப்பிவிடுகிறார். சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கிறவரைப் பார்க்கும் எவரும் அவரை வண்டிக்காரர் என்றே எடுத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அவர் கதவை மறுபடி பூட்டிவிட்டே போகலாம். பறிகொடுத்தவருக்கு எப்போது திருடு போனது என்பதுகூடத் தெரியாமல் போகும். உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் இல்லாவிட்டால் இழப்பீட்டைத் தர மறுக்கும் காப்பீட்டு ஒப்பந்தங்களும் உண்டு. பூட்டியிருந்தேன் என்று உரிமையாளர் எவ்வளவு சொன்னாலும் கதவு அவருக்குச் சாட்சி சொல்லாது.

உடைக்க முடிந்த கதவை உறுதியாக்குவது வீண் என்ற வாதத்தை வீடுகளைக் கொண்டே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டும் வீடுகள் எல்லாவற்றிலும் திருட்டைத் தாங்கும் கதவும் ஜன்னலும் கட்டாயமாயின. கண்ணாடியை உடைப்பது அதற்குப் பிறகும் முடிகிற காரியம்தான். ஆனாலும் பென் வொலார்ட், யான் வான் ஊர்ஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையில், புது வீடுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.1 என்றிருந்த கன்னத் திருட்டு 0.8 ஆகக் குறைந்ததாகக் கண்டார்கள். அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். பழைய வீடுகளுக்குத் திருடர்கள் கூட்டமாக நகர்ந்துபோனதற்கான சான்றும் கிடைக்கவில்லை. கார்களுக்கு இன்ஜின் இம்மொபிலைசர் கட்டாயமானபோதும் அதே ஆய்வாளர்கள் நெதர்லாந்தில் கார் திருட்டு சராசரியாக 40 விழுக்காடு அளவுக்கு விழுந்ததைக் காட்டினார்கள். எந்தக் காரையும் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக முடியும் என்பது அப்போதும் உண்மையாகத்தான் இருந்தது. திருட்டில் பெரும்பகுதி, எளிதாகத் தெரிந்ததால் நடப்பது. எளிமையைக் கொஞ்சம் குறைத்தாலே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கும் காருக்கும் பொருந்திய இந்த நடத்தை வீட்டு வண்டிக்கு மட்டும் பொருந்தாது என்று நம்புவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் வெளிப்படையாக எழுதுவது திருடர்களுக்குப் பாடம் எடுப்பதாகாதா? இந்தக் கேள்விக்கு நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் வயது. 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், திறக்கவே முடியாது என்று பெயர்பெற்ற சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்தார். கடை ஜன்னலில் 200 கினி பரிசு அறிவிப்போடு பல பத்தாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்த பிரமா பூட்டையும், 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் திறந்து காட்டினார். நாட்டின் நிம்மதியைக் கெடுத்துவிட்டார் என்று பலர் சீறினார்கள். திருடர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரியாமல் இருப்பவர்கள் பூட்டை நம்பிக் காசு கொடுக்கும் நேர்மையானவர்கள்தான் என்பது அவர் பதில். பிரிட்டிஷ் பூட்டுகள் மேம்பட்டது அந்தச் சீற்றத்துக்குப் பிறகுதான். நம் காலத்திலும் 2004இல், கிரிப்டோனைட் கம்பெனியின் விலையுயர்ந்த சைக்கிள் பூட்டுகள் சிலவற்றைச் சாதாரண பிளாஸ்டிக் பால்பாயின்ட் பேனாவால் திறக்க முடிவதைக் காட்டும் வீடியோ பரவியது. கம்பெனி பின்னர் லட்சக்கணக்கான பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. சி.எச். 751 விஷயத்தில் மறைப்பதற்கு ரகசியமே கிடையாது, சாவியே கடையில் தொங்குகிறது. தெரியாமல் இருப்பவர் புதிதாக வண்டி வாங்கியவர் மட்டுமே.

வண்டிக்காரர்கள் நல்லவர்கள், முகாமில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் உண்மை. ஆனால் வண்டி வருடத்தில் பெரும்பகுதி முகாமில் இருப்பதில்லை; ஆளில்லாத வாடகைத் திடலில், கம்பி வேலிக்குள், இதே பூட்டுள்ள நூறு வண்டிகளோடு மாதக்கணக்கில் நிற்கிறது.

சாவியே வேண்டாம், எண் அழுத்தும் மின்பூட்டு போட்டுக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. மின்பூட்டு வசதியானது, வாடகைக்கு விடும் வண்டிகளுக்கு அவசியம் என்றே சொல்வேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது எண் வைத்துவிட முடியும், சாவி கைமாறி நகல் எடுக்கப்படும் அச்சம் இல்லை. ஆனால் பேட்டரி தீர்ந்தால் திறப்பதற்காக இவற்றில் பெரும்பாலானவை ஒரு சாவித் துளையும் வைத்திருக்கின்றன. அந்தத் துளைக்குள் இருப்பது பழைய மலிவான உருளையே என்றால் மேலே மின்னும் எண்பலகையால் ஒன்றும் மாறவில்லை. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்த மாற்றுச்சாவியைப் பற்றியது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அச்சம் மிகுந்து சிலர் கதவுக்கு வெளியே நாதாங்கி அடித்துத் தொங்குபூட்டு போடுகிறார்கள். வீட்டு வண்டி தீப்பிடித்தால் எரிந்து முடிய அதிக நேரம் ஆகாது. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து யாரோ, ஒரு குழந்தைகூட, கொக்கியை மாட்டிவிட்டால் அந்த வாசல் இல்லாமல் போய்விடும். உருளையை மாற்றினால் அந்த ஆபத்து வருவதில்லை. உள்பக்கக் கைப்பிடி சாவியில்லாமல் எப்போதும்போலத் திறக்கும். பாதுகாப்பா, தப்பிக்கும் வழியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை நல்ல பூட்டில் எழுவதே இல்லை.

செலவைப் பற்றிய மறுப்பு நெடுநேரம் நிற்காது. வேறு எண்ணுள்ள சாமான் அறைப் பூட்டு ஒன்றுக்குப் பத்து டாலர் அளவே ஆகும். மொத்தமாக வாங்கும் கம்பெனிக்கு அதைவிடக் குறைவு. பல பத்தாயிரம் டாலருக்கு விற்கும் பொருளில் இது கண்ணுக்குத் தெரியாத தொகை. ஒவ்வொரு வண்டிக்கும் தனிச்சாவி, ஆனால் அந்த ஒரு வண்டியின் எல்லாக் கதவுக்கும் அதே சாவி என்ற ஏற்பாட்டைச் செய்தால் உரிமையாளருக்கும் சாவிக்கொத்து சுமை குறையும். அமெரிக்க வீட்டு வண்டித் தொழில் சங்கம் தன் உறுப்பினர் கம்பெனிகளின் வண்டிகளில் ஒட்டும் முத்திரைக்காக, சொல்லாமல் போய்த் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் ஏற்பாட்டை ஏற்கெனவே வைத்திருக்கிறது. அந்தச் சோதனைப் பட்டியலில் சாவிக்கு ஒரு வரி சேர்ப்பதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. பிரிட்டனில் 1992இலிருந்து கேரவன்களுக்குத் தனிப் பதிவு எண் கொடுத்து ஜன்னல் கண்ணாடிகளில் பொறிக்கிறார்கள். சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளை உடைத்துப் பார்த்துத் தரம் பிரிக்கிறது, அந்தத் தரமுள்ள சக்கரப் பூட்டோ கொக்கிப் பூட்டோ இருக்கிறதா என்று காப்பீட்டுக் கம்பெனிகள் கேட்கின்றன. அங்கும் கவனம் வண்டியையே இழுத்துப் போவதைத் தடுப்பதில்தான் இருக்கிறது, கதவில் அல்ல. ஆனால் சோதிப்பவரும் காப்பீடு தருபவரும் கைகோத்தால் சந்தை அசையும் என்பதற்கு அது போதுமான சான்று.

புது வண்டிகளை மட்டும் திருத்தினால் வேலை முடியாது. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியபோது பழைய கார், புதிய கார் இரண்டுக்கும் சேர்த்தே கட்டாயமாக்கியது. கார் திருட்டு நாடு முழுவதும் இறங்கியது. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தது. திருடர்கள் பழைய கார்களுக்குப் போனார்கள். நெதர்லாந்து வீடுகளில் நடக்காத இடமாற்றம் இங்கே நடந்ததற்கு, ஒரே தெருவில் பூட்டுள்ளதும் இல்லாததும் அடுத்தடுத்து நின்றதே காரணமாக இருந்திருக்கலாம். வண்டித் திடல்களும் அப்படித்தான்: பத்தாண்டுக்கு முந்தைய டிரெய்லரும் போன மாதம் வாங்கியதும் அருகருகே நிற்கும். ஏற்கெனவே சாலையில் இருக்கும் பல லட்சம் வண்டிகளுக்குப் பூட்டு மாற்றித் தரும் பொறுப்பு அவற்றைச் செய்தவர்களுக்கு இருக்கிறது. சாமான் அறைப் பூட்டைக் கதவின் உள்பக்கமிருந்து ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. கழற்றி வேறொன்றை மாட்ட சில நிமிடங்கள் ஆகும். வாங்கியவரின் முகவரியும் வண்டி எண்ணும் கம்பெனிகளின் கோப்பில் இருக்கின்றன. பிரேக்கிலோ எரிவாயுக் குழாயிலோ குறை தெரிந்தால் வண்டியைத் திரும்ப அழைப்பதற்காக அவற்றை வைத்திருக்கிறார்கள். புதுப் பூட்டையும் சாவியையும் அதே முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம்.